கடிகாரத்தில் அணைத்தது

அன்பு அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

கடிகாரம், போன், டிவி மூன்றிலும் நினைவூட்டும் செயலி ஒன்றை வடிவமைக்கிறேன். ஒன்றில் அணைத்தால் மற்றவற்றிலும் அணைய வேண்டும். நேற்று மேலாளர் முன்னால் என் கைக்கடிகாரத்தில் வந்த நினைவூட்டலை அணைத்துக் காட்டினேன். ஆனாலும் போன் அலறியது. சுவர் நிறைய இருக்கும் டிவியில், "அம்மாகிட்ட பேசணும். ஒன்பது நாளா தள்ளிப்போட்டாச்சு" என்று வந்தது. அறையே சிரித்தது.

"முதல்ல அவங்களுக்குப் போன் போடுங்க," என்றார் மேலாளர்.

போட்டேன். ஒரு மணி நேரம் பிஸி. சித்தியோடுதானே?

என் பழைய போர்வையை அனுப்பு. இங்கே வாங்கியது காலுக்கு எட்டவில்லை.

கோளாறைச் சரிசெய்துவிட்டேன். உன்னோடு பேசச் சொல்லும் நினைவூட்டலை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். இதோ, மூன்றும் கத்துகின்றன. முடித்துவிட்டு உன்னை அழைக்கிறேன், சித்தியைப் போனை வைக்கச் சொல்.

உன் மகன்