கிணற்றை விட்டுப் போகாத கதை

9-1-1958
கொட்டகையில் இன்றும் மூன்று இடைவேளை. இருப்பது ஒரே மிஷின். ரீல் மாற்ற வேறு வழி? முறுக்கு வாங்கப் போனவன் திரும்பி வர வேண்டுமே என்று படம் ஓட்டுகிற எனக்கு எப்போதும் பயம். அதனால்தான் என் சினிமாக் கதையிலும் ஒவ்வொரு இடைவேளைக்கு முன்னால் ஒரு புதுச் சமாச்சாரம் வைத்திருக்கிறேன். அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துவிட்டார்கள், கிணறு மட்டும் பொது, தண்ணீர் முறையில் தகராறு — இது ஆரம்பம். பிறகு கொள்ளைக்காரன். பிறகு இரட்டைப் பிள்ளைகள். கடைசியில் நாகப்பாம்பு. பாம்பு, கொட்டகை முதலாளி சாகுல் ஹமீது சொன்ன யோசனை.

16-1-1958
ராமுத்தாய்க்கு முழுவதும் சொன்னேன். “தம்பிகாரன் மொளகாச் செடி காஞ்சுக்கிட்டுக் கெடக்கு, நீங்க பாம்பு காட்டுறீக” என்றாள். பெண்டாட்டிக்குச் சினிமா என்ன தெரியும்!

22-1-1958
பழனி. முடி இறக்க வந்திருக்கும் மெட்ராஸ் பட முதலாளியை லாட்ஜில் பார்த்தேன். கொள்ளைக்காரன் வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாம்பு வந்ததும் சிரித்துவிட்டார். “நாலு படம் சொல்றீங்க தம்பி. என்கிட்ட ஒண்ணுக்குத்தான் பிலிம் இருக்கு. மாசக் கடைசி வரைக்கும் இங்கதான் இருப்பேன். ஒண்ணை மட்டும் கொண்டு வாங்க.”

பஸ்ஸில் அழுகை வந்துவிட்டது. ஒண்ணை மட்டுமாம்! இம்புட்டு நாளா எழுதுனதுல எதைத் தூக்கிப் போட?

25-1-1958
கொள்ளைக்காரனைக் கதையிலிருந்து அடித்துவிட்டேன்.

26-1-1958
இரட்டைப் பிள்ளைகளும் போனார்கள். பாம்பை விடத்தான் மனமில்லை.

28-1-1958
பாம்பும் போயிற்று. மிச்சம் கிணறும் இரண்டு பேரும். கதை மொட்டைத் தலை மாதிரி இருக்கிறது. ராமுத்தாய் மட்டும் “இப்பத்தான் மூஞ்சி தெரியுது” என்கிறாள். இதை யார் உட்கார்ந்து கேட்பார்கள்?

29-1-1958
நாளைக் காலையில் பழனி போக வேண்டும். தைரியம் இல்லை.

இன்று படப்பெட்டி ஏற்றி வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. கொட்டகை நிறைய ஆள், ஒரே விசில். “காசைத் திருப்பிக் கேப்பாக சோலைமுத்து, மைக்குல எதையாச்சும் பேசு” என்று சாகுல் ஹமீது என்னைப் பிடித்துத் தள்ளினார். வாயில் வந்தது கிணறுதான்.

தம்பி தண்ணீர் இறைக்கக் கமலை பூட்ட மாட்டோடு வருகிறான், அண்ணன் குறுக்கே நிற்கிறான். தரை டிக்கெட் மணலில் உட்கார்ந்திருந்த ஒருத்தர் கத்தினார்: “ஏலே பெரியவனே, ஒரு நாள் முறையை விட்டுக் குடுத்தா என்னடா கொறைஞ்சு போயிருவ?”

அந்நேரம் பார்த்து சாகுல் ஹமீது ஓடி வந்தார். “பெட்டி வந்திருச்சு, நிப்பாட்டு, படத்தைப் போடு!”

“செத்த நேரம் சும்மா இருங்க பாய்” என்றது பெண்கள் பக்கம். “அவன் தண்ணி விட்டானா இல்லையான்னு தெரியட்டும்.”