முப்பது வருடத் தண்ணீருக்கு ஆள் கணக்கு

சேசு மரி சூசை துணை

அன்பு மகள் ஷர்லிக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் எழுந்து நடமாடும் அளவுக்கு நன்றாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளை ஜெபக்குமாரும் பிள்ளைகள் இருவரும் அதற்கு மேலேயே நன்றாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்தபாடில்லை, மாடிப்படி ஏறாதீர்கள் என்று டாக்டர் சொன்னதற்கு எங்கள் வீட்டில் மாடியே இல்லை என்று சொல்லிவிட்டு மாத்திரை வாங்காமல் வந்திருக்கிறாள், நீ கண்டித்துச் சொல். மழை இரண்டு நாள் பேருக்குப் பெய்தது. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். நான் தண்ணீர் என்று ஆரம்பித்தாலே நீ சரிப்பா சரிப்பா என்று முடித்துவிடுகிறாய், இது முழுவதும் படித்துப் பதில் சொல்ல வேண்டிய விஷயம். அம்மா போனில் படம் பிடித்து அனுப்புவாள், தாள் தபாலில் வரும்.

போன மாதம் குடிநீர் வாரியத்திலிருந்து கழுத்தில் அட்டை மாட்டிய இரண்டு பெண் பிள்ளைகள் வந்து வீட்டில் எத்தனை பேர், வெளியூரில் எத்தனை பேர், அவர்கள் திரும்பி வருவார்களா, ஒரு நாளைக்கு எத்தனை குடம் என்று கேட்டார்கள். மீட்டர் வைத்து வரி போடத்தான் கேட்கிறார்கள் என்று நான் முடிவு செய்து, குறைத்துச் சொல்லுங்கள் என்று தெரு முழுக்கச் சொன்னேன். எதிர்வீட்டு மீனம்மாள் ஆறு பேர் இருக்கும் வீட்டில் இரண்டு பேர் என்றாள், அந்த நேரம் பார்த்து உள்ளே பேத்தி அழ, பக்கத்து வீட்டுக் குழந்தை என்று சமாளித்திருக்கிறாள். இதில் என் மேல் தப்பு என்று சொல்லாதே. மேல்நிலைத் தொட்டியைப் பள்ளத்தில் கட்டாதீர்கள், கோயில் மேட்டில் கட்டுங்கள் என்று அந்தக் காலத்தில் நான் நாலு மனு கொடுத்தேன், ஒன்றுக்காவது பதில் வந்ததா? இன்றைக்கும் நம் தெருக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரிதான் வருகிறது. அப்படிப்பட்டவர்கள் கேட்டால் நான் எதற்கு உண்மை சொல்ல வேண்டும்?

பிறகு குளத்தூரில் கூட்டம் என்று நோட்டீஸ் வந்தது. மாவட்டம் முழுவதற்கும் அடுத்த முப்பது வருடத்துக்குக் குடிநீர் எங்கிருந்து, எவ்வளவு, எந்த ஊருக்கு என்று இப்போதே திட்டம் போடுகிறார்களாம். சண்டை போடத்தான் போனேன். சுவரில் பெரிய படம், ஊருக்கு ஒரு நீலப் புள்ளி, நம் ஊர்ப் புள்ளி மட்டும் கடுகு மாதிரி இருந்தது. 2055 வரைக்கும் இதே பழைய தொட்டி போதுமாம். அது எப்படி என்று எழுந்து கேட்டேன். வசந்த் என்று ஓர் இன்ஜினியர், உன்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர் இருப்பார், கோபப்படவில்லை. "அய்யா, இது எங்க கணக்கு இல்லைங்க, ஒங்க தெருவுல நீங்க சொன்னதுதாங்க" என்று தாளை எடுத்துக் காட்டினார். முதல் வரியே நம் வீடு. இன்னாசி, வீட்டில் இரண்டு பேர். வெளியூரில் யாரும் இல்லை. ஷர்லி, உன்னை இல்லை என்று நானே சொல்லி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டம் முடிந்தும் நான் அவரை விடவில்லை. மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்ட எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, பிரித்துப் பார்த்துத்தான் கற்றேன், இதையும் பிரித்துப் பார்க்காமல் தூக்கம் வராது. ஏன் முப்பது வருடம் என்று கேட்டேன். குழாயை ஒரு தடவை புதைத்தால் அதன் ஆயுள் அவ்வளவு, நடுவில் தோண்டிப் பெரிதாக்க முடியாது என்றார். சரி, எதற்கு வம்பு, எல்லா ஊருக்கும் பெரிய குழாயாகப் போட்டுவிடுங்கள் என்றேன். ஆள் இல்லாத ஊரில் பெரிய குழாய் போட்டால் தண்ணீர் உள்ளேயே நாள்கணக்கில் தேங்கிக் கெட்டுப் போகுமாம், இது எனக்குத் தோன்றவே இல்லை. இன்னொன்றும் சொன்னார். இந்தப் பக்கம் எங்கே போர் போட்டாலும் பாறை, ஆற்றுத் தண்ணீரைத்தான் நம்ப வேண்டும், அந்த ஆற்றிலும் எடுக்க ஓர் அளவு உண்டு. "ஒங்களுக்குக் கூட்டிக் குடுத்தா, லைன் முடியிற எடத்துல இருக்க ஊருக்குக் கொறையும்ங்க அய்யா." இவ்வளவு நாள் வரிசையின் கடைசியில் நின்றவன் நான்தான் என்று நினைத்திருந்தேன். எனக்குப் பின்னாலும் ஊர் இருக்கிறது. திருத்திய பட்டியல் கொடுக்க இருபத்தெட்டாம் தேதி வரை நேரம் கொடுத்திருக்கிறார்.

மறுபடி வீடு வீடாகப் போகிறேன். மீனம்மாள் லேசில் விடுவாளா? "அன்னைக்குக் கொறச்சுச் சொல்லுன்னீங்க, இன்னைக்கு உள்ளதைச் சொல்லுன்றீங்க. நாளைக்கு என்னத்தைச் சொல்லச் சொல்லுவீங்க மாமா?" என்றாள், தெருவே சிரித்தது. நானும் ஆறு என்று எழுதிக்கொண்டு வந்தேன். ஊர் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது என்று வசந்திடம் நிரூபிக்கப் பங்குச் சாமியாரிடம் கேட்டு ஞானஸ்நானப் புத்தகத்தையும் புரட்டினேன். நீ பிறந்த வருடம் நாற்பத்தேழு குழந்தை. போன வருடம் பதினொன்று, அதிலும் ஆறு வெளிநாட்டிலிருந்து தூக்கி வந்து, தண்ணீர் ஊற்றி, பத்து நாளில் திரும்பக் கொண்டுபோனவை. உன் பிள்ளைகளும் அந்தப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறார்கள். எனக்குச் சாதகம் தேடிப் போனேன், ஊர் சுருங்குகிறது என்று புத்தகம் அவர் பக்கம் பேசியது. மறைக்காமல் எண்ணிக்கையை அப்படியே எழுதி அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆனால் கூடவே நம் கோயிலின் பத்து நாள் திருவிழாவையும் எழுதினேன், அந்தப் பத்து நாளும் ஊர் மூன்று மடங்காகிறது, தொட்டி விடிவதற்குள் காலியாகிறது, அந்த நாளுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். இது எங்கள் கணக்கிலேயே இல்லையே என்று அவர் பேனாவை எடுத்தார். அந்த மட்டில் எனக்குத் திருப்தி.

உன்னிடம் கேட்க நிறைய இருக்கிறது. அங்கே கடல் தண்ணீரைத்தான் நல்ல தண்ணீராக்கித் தருகிறார்கள் என்றாயே, அது நாக்குக்கு எப்படி இருக்கிறது? பிரித்த உப்பை எங்கே கொட்டுகிறார்கள்? அந்த இயந்திரம் நின்றுபோனால் ஊருக்கு எத்தனை நாள் தண்ணீர் கையிருப்பு? உங்கள் வீட்டு மீட்டரைக் காலையில் ஒரு தடவை, மறுநாள் அதே நேரம் ஒரு தடவை பார்த்து எழுது. இங்கே ஆளுக்கு ஐம்பத்தைந்து லிட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். நான் ஒரு வாரம் குடம் எண்ணிப் பார்த்ததில் அம்மாவும் நானும் ஆளுக்கு எழுபதைத் தாண்டுகிறோம், செடிகளுக்கு ஊற்றுவதை நிறுத்து என்றேன், அம்மா அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

பட்டியலில் எல்லா வீடும் எழுதியாகிவிட்டது, நம் வீட்டு வரி மட்டும் பாக்கி. நம் ஊருக்கு மேற்கே வாங்கிப் போட்ட மனையில் வீடு கட்டி வந்துவிடுவோம் என்று மாப்பிள்ளை ஒரு தடவை சொன்னார், திருச்சியில் பிளாட் பார்ப்பதாக நீ அம்மாவிடம் சொன்னாய். இரண்டில் எது என்று நான் இதுவரை கேட்டதில்லை. இப்போது என் ஆசைக்கு ஆறு என்று போட்டால் கடைசி ஊரில் எவனோ ஒருவன் நாலு பேர் தண்ணீரை இழப்பான். இரண்டு என்று போட்டுவிட்டு நீங்கள் வந்து நின்றால் என் பேரப்பிள்ளைகள் குடத்தோடு நிற்கும். அதனால் நீதான் சொல்ல வேண்டும். எனக்குப் பிடிக்கும் என்பதற்காக எழுதாதே, உள்ளதை எழுது. இரண்டு என்றால் இரண்டு என்றே எழுதுவேன், அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர், நோயில்லாமல், வேலைக்குக் குறைவில்லாமல் மாதா உங்களைக் காக்கட்டும். டியூட்டி முடிந்து வந்ததும் சாப்பிட்டுவிட்டுப் படு. இருபத்தெட்டாம் தேதியை மறக்காதே. இன்னும் முடிவு தெரியவில்லை என்றால் அதையும் அப்படியே எழுது. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை, வசந்திடம் சண்டை போட்டாவது ஒன்று போடவைக்கிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா
ம. இன்னாசி