புகை எந்தப் பக்கம்?

பிரியமுள்ள அம்மாவுக்கு முனியராஜ் எழுதுவது. ஐதராபாத்தில் நான் நல்ல சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

மார்மன் சபை ஊழியத்தில் தினமும் நானும் என் கூட்டாளியும் டை கட்டி வீடு வீடாகப் போகிறோம். எங்கள் சபையில் டீ குடிக்கக் கூடாது என்பதால் வெந்நீர் கேட்டு வாங்கிக் குடிக்கிறேன்.

சனிக்கிழமை ஒரு வீட்டில் ஜெபித்துக்கொண்டிருந்தபோது வெளியே வெடிச் சத்தம். நம் ஊரில் பட்டாசு ஆலை வெடித்தால் ஓடுவதுபோலவே பாதி ஜெபத்தில் தெருவுக்கு ஓடி, “ஏலே, எந்தப் பக்கம்லே புகை?” என்று கத்திவிட்டேன். கல்யாண ஊர்வலமாம். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

திங்கட்கிழமைதான் நான் வீட்டுக்குப் பேசலாம். மற்ற நாட்களில் நீ பேச வேண்டாம். வேலை முடிந்து பட்டாசுக் கம்பெனி கேட்டைத் தாண்டி வெளியே வந்ததும் ஒரு மிஸ்டு கால் மட்டும் கொடு.

கூட்டாளி கூப்பிடுகிறான், வருகிறேன்.

உன் மகன்,
முனியராஜ்

தினமும் கொடு அம்மா.