அனுமதித்த நிறம்

மனோர் பார்க்
14.11.2009

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் நோ குறைந்ததா? நான் சுகம். குளிருக்கு இரண்டு காலுறை போடுகிறேன்.

போன கிழமை நான் வேலை செய்யும் சலவைக் கடையில் ஒரு பகிடி. ஹருக்கோ என்ற ஜப்பான்காரியின் பட்டு அங்கியை மெஷினிலிருந்து எடுத்தேன். உள்துணி கடுஞ்சிவப்பு, வெளியே வெளிறிய ரோஸ். “ஐயோ, சாயம் போயிட்டுது, என்ரை வேலையும் போச்சு!” என்று கத்தியேவிட்டேன். அதை எடுக்க வந்த ஹருக்கோவிடம் மன்னிப்புக் கேட்டதும் சிரித்தார். வெளித்துணியின் நிறமே அதுதானாம். பெயர் ‘அனுமதித்த நிறம்’. ஆயிரம் வருடத்துக்கு முன் குசும்பப் பூச் சாயத்தின் கடுஞ்சிவப்பை அரண்மனைப் பெரியவர்கள் மட்டுமே உடுக்கலாம். மற்றவர்களுக்குக் கொஞ்சப் பூவில் தோய்த்த இந்த வெளிறல்தானாம்.

“சனம் அதைக் கேட்டு நடந்ததா?” என்றேன்.

“எங்கே! களவாகக் கூடுதலாய்ப் பூப் போட்டுத் தோய்த்தார்கள்” என்றார்.

அம்மா, உங்கள் மருமகன் காலமாகி மூன்று வருடம். தம்பி சிவதர்ஷனின் கல்யாணத்துக்கு மெல்லிய ரோஸ் சேலை கட்டலாம், ஊர் ஒன்றும் சொல்லாது என்று எழுதியிருந்தீர்கள். அதை எழுத எவ்வளவு யோசித்திருப்பீர்கள் என்று தெரியும். ஆனால் எனக்கு அது வேண்டாம். அலுமாரியின் அடித்தட்டில் என் கல்யாணத்துக் கூறைச்சேலை இருக்கிறது. சித்தப்பா கல்யாணத்துக்கு இங்கே வரும்போது கொடுத்துவிடுங்கள். அதைக் கட்டித்தான் தம்பிக்குப் பக்கத்தில் நிற்பேன்.

மிளகாய்த்தூளும் கொஞ்சம் அனுப்புங்கள். தனிய இருந்து சாப்பிட ஒன்றும் உறைக்கவில்லை.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. கூறையை வெயிலில் போடாதீர்கள். அந்தச் சிவப்பு துளியும் குறையக்கூடாது.

மகள்,
தயாளினி