டயர் கடைக்கு ஒரு ஹாரன்

ஜனவரி 6, திங்கள்

இன்றைக்கும் ஏழு மணி ஃபெரியை விட்டேன். ஜெட்டித் துறையை விட்டு அது நகர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரோட்டில் வெள்ளம் இல்லை, விபத்து இல்லை. என் வீட்டுக்காரர் திருநாவுக்கரசுக்கு டீ குடிக்க வேண்டுமாம்!

சுங்கை பாக்காப்பிலிருந்து பட்டர்வொர்த் ஜெட்டி வரை இவர்தான் காரில் கொண்டுவந்து விடுகிறார். கல்யாணமானதிலிருந்து அப்படித்தான். என்னை இறக்கிவிட்டுப் பிறை ஊரில் தன் ஸ்டோர் வேலைக்குப் போவார். முன்பெல்லாம் வழியில் எங்கும் நிறுத்த மாட்டார். தீபாவளிக்கு அப்புறம் பிடித்தது சனியன். சிம்பாங் அம்பாட்டில் இக்மல் கடையில் நிறுத்தாமல் வண்டி ஓடாது. ஒரே ஒரு கிளாஸ் தே தாரிக் டீ. அதையும் ஆற்றி ஆற்றி, வெளியே பார்த்துக்கொண்டே, விடிய விடியக் குடிக்கிறார். வீட்டில் நான் போட்டுக் கொடுக்கிற டீ என்ன விஷமா?

ஜனவரி 8, புதன்

சூப்பர்வைசர் ஸஹ்ரா கூப்பிட்டாள். என்னைவிடச் சின்னவள், நல்லவள், அதனால்தான் இன்னும் வலிக்கிறது. அக்கரை கிளினிக்கில் காலை கவுண்டரைத் திறப்பது நான். நான் வருவதற்குள் ஜார்ஜ்டவுன் கிழவர்கள் எல்லாரும் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

"அக்கா, மாசக் கடைசியில உங்க கான்ட்ராக்ட் வருது. இதுக்கு மேல லேட்டுன்னா நான் எப்படி லா கையெழுத்துப் போடுறது?"

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். யாருக்காகக் குனிந்தேன்? ஒரு கிளாஸ் டீக்காக.

ஜனவரி 10, வெள்ளி

இவர் தயவே வேண்டாம் என்று பஸ்ஸுக்குப் போய் நின்றேன். இருட்டில் நானும் இரண்டு நேபாளிப் பையன்களும். ஃபேக்டரி பஸ்கள் காலி சீட்டோடு போகின்றன, நம்மை ஏற்றாது. நம் பஸ் வரும் என்று பலகை சொல்கிறது. அந்தப் பலகை மட்டும்தான் இந்த ஊரில் ஒழுங்காக டூட்டி பார்க்கிறது. கடைசியில் யார் வந்தது? இவர்தான். காரை நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டார். ஏறினேன். டீ குடித்தோம்.

ஜனவரி 13, திங்கள்

எஸ்டேட் முனையில் முனியாண்டி கோயில் இருக்கிறது, வாசலில் சிவப்பு விளக்கு. அந்த ரோட்டில் போகிற தமிழன் எவனும் ஹாரன் அடிக்காமல் தாண்ட மாட்டான். இவரும் இரண்டு தடவை அடித்து, ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொள்வார். இன்றைக்கு என்ன செய்தார் தெரியுமா? கோயிலுக்கு முன்னாலேயே, புதிதாகச் சிவப்பு விளக்குப் போட்டிருக்கிற டயர் கடைக்கு ஹாரன் அடித்துக் கும்பிட்டார்!

"முனியாண்டி எப்பங்க டயர் மாத்த ஆரம்பிச்சாரு?" என்றேன். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இவர் சிரிக்கவில்லை. நிஜக் கோயில் வந்தது. ஹாரனும் இல்லை, கும்பிடும் இல்லை.

சாமியை மறந்தவர் இக்மல் கடையை மறக்கவில்லை.

ஜனவரி 16, வியாழன்

டீ. லேட்.

ஜனவரி 21, செவ்வாய்

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

காரில் ஏறும்போதே சொன்னேன், இன்றைக்கு டீக்கடையில் நிறுத்தினால் இறங்கி நடந்தே போய்விடுவேன் என்று. இக்மல் கடை வந்தது, தாண்டினார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், மட்டி.

முன்னால் ஒரு ஃபேக்டரி பஸ். அதன் பின் விளக்கை ஒட்டியே போனார். ஏன் இப்படி ஒட்டுகிறீர்கள், தாண்டுங்கள் என்று அதற்கும் கத்தினேன். பஸ் ஒரு சந்தில் திரும்பியது. அதற்கப்புறம் ஒரே இருட்டு. கார் ஊர்ந்தது. இடது ஓரம் ஒரு ஆள் சைக்கிளில் போகிறான், விளக்கு இல்லை. எனக்குத் தெரிகிறது. இவர் நேராக அவன் மேல் போகிறார்! ஐயோ என்று ஸ்டீரிங்கைப் பிடித்து இழுத்தேன். கார் புல்லில் இறங்கி நின்றது. சைக்கிள்காரன் திரும்பிக்கூடப் பார்க்காமல் மிதித்துக்கொண்டு போய்விட்டான்.

இவர் என்ஜினை நிறுத்தினார்.

"எனக்கு இருட்டுல ஒண்ணும் தெரியல, ஜெகா. தீவாளிலேர்ந்தே."

டீக்காக இல்லை. டீயே இல்லை. வெளிச்சம் வரட்டும் என்று காத்திருந்திருக்கிறார். எஸ்டேட் ரோடு மனப்பாடம், மெதுவாக வந்துவிடுவார். லாரி ஓடுகிற பெரிய ரோட்டுக்கு முன்னால் ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்திருக்கிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருக்க.

விடிகிற வரை அந்தப் புல்லிலேயே உட்கார்ந்திருந்தோம். வாயில் வந்ததையெல்லாம் கேட்டுவிட்டேன். என்னைக் கொல்லப் பார்த்தீங்களா, அந்தச் சைக்கிள்காரன் யார் பெத்த பிள்ளையோ, அறிவு இருக்கா, மனுஷன்தானா நீங்க.

ஜனவரி 22, புதன்

லீவு போட்டுக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். சர்க்கரை கண்ணுக்குப் போயிருக்கிறது. ஊசி போட்டால் இதற்கு மேல் கெடாமல் பார்க்கலாமாம். ராத்திரி ஓட்டவே கூடாது. மூன்று மாதத்துக்கு முன்னால் வந்திருக்கலாமே என்றார் டாக்டர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏன் சொல்லவில்லை என்று வீட்டில் கேட்டேன்.

"சொன்னா நீ வேலைய விட்டுருவே. பஸ்ஸும் இல்ல. உன்னைக் கொண்டுபோய் விடறது ஒண்ணுதான் நான் இத்தன வருஷத்துல ஒழுங்கா செஞ்சது. அதுவும் போச்சுன்னா நான் என்ன லா பண்றது?"

நான் பாத்திரத்தை உருட்டினேன். அழுகை வந்தால் எனக்குப் பாத்திரம்தான். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பாவி மனுஷன்.

ஜனவரி 25, சனி

என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. வருஷம் தவறாமல் போஸ்ட் ஆபீஸில் புதுப்பித்துப் பர்ஸில் வைத்துப் பூஜை செய்கிறேன். கல்யாணமான புதிதில் ரிவர்ஸ் எடுத்துப் பக்கத்து வீட்டு வேலியை இடித்தேன். இவர் சிரித்த சிரிப்பில் சாவியைக் கொடுத்தவள், திரும்ப வாங்கவே இல்லை.

இன்றைக்கு வாங்கினேன். பள்ளித் திடலில் ஓட்டினேன். இடது, இடது, பிரேக், பிரேக் என்று உயிரை எடுத்துவிட்டார். கண் தெரியாதவருக்கு என் தப்பு மட்டும் பளிச்சென்று தெரிகிறது. "வாய மூடுறீங்களா, எறங்குறீங்களா?" என்றேன். மூடிக்கொண்டார். முதல் தடவை.

ஜனவரி 31, வெள்ளி

ஸஹ்ராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். அதற்குள் ஒருநாள்கூட லேட் கூடாது.

பிப்ரவரி 10, திங்கள்

ஒரு வாரமாக நான்தான் ஓட்டுகிறேன். இவரைப் பிறையில் இறக்கிவிட்டு ஜெட்டிக்குப் போகிறேன். ஏழு மணி ஃபெரி ஒருநாளும் தப்பவில்லை. அவர் ஸ்டோர் திறக்க இன்னும் நேரம் இருக்கும், கேட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். இன்றைக்கு இறங்கும்போது டீ ஃபிளாஸ்கைக் கையில் கொடுத்தேன். விடிகிற வரைக்கும் ஆற்றி ஆற்றிக் குடிக்கட்டும். கோபம் இன்னும் போகவில்லை, போகிறபோது போகட்டும்.

இதையும் எழுதிவிட வேண்டும். காலையில் டயர் கடையின் சிவப்பு விளக்கு வந்தது. இவர் கை லேசாக மடியிலிருந்து எழும்பியது, அப்படியே நின்றது. முகத்தை என் பக்கம் திருப்பி, காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். கோயிலுக்கு நேரே வந்ததும் நான் இரண்டு தடவை ஹாரன் அடித்தேன்.

அதற்கப்புறம்தான் கும்பிட்டார்.