மௌனத்தின் நீளம்

உருவும் அருவுமாய் நிறைந்த பரம்பொருளே துணை.

என் துணைவிக்கு ஆசிகள். நான் நலம். உன் முழங்கால் வலி தணிந்ததா?

அருவநிலையைத் தியானித்து நான் இயற்றும் பியானோ இசையின் நடுவே நெடிய மௌனம் ஒன்று வைத்துள்ளேன். நேற்று ஒத்திகையில் அவ்விடம் வந்ததும், எல்லாம் முடிந்ததென்று காவலாளி விளக்கை அணைத்துவிட்டார்.

“சாமிக்கு விட்ட இடத்துல இவர் புகுந்துட்டாரே, ஐயா. கொஞ்சம் குறைச்சிடலாமா?” என்று வாசிக்கும் அம்மையார் சிரித்தார்.

நான் உடன்படவில்லை. பூசை முடிவில் நீ கண்மூடி நிற்கும் நேரமே அந்த மௌனம். இங்கே தனியறையில் நான் நின்று பார்த்தால் அது நீண்டுகொண்டே போகிறது. மருமகளை எத்தனை நொடி என்று எண்ணச் சொல். எண்ணுகிறாள் என்று நீ விரைந்து கண் திறந்துவிடாதே. அடுத்த மாதம் அரங்கேற்றம், உடனே எழுது.

தபால் எடுக்கும் நேரமாயிற்று. நீயும் நம் மனையில் உள்ள அனைவரும் நோயின்றி, இறையருளால் நீடு வாழ்க.