முதல் போணி நான்தான், அப்பா

என் கைராசிக்கார அப்பாவுக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. அந்த மனைத் தரகனின் லைசென்ஸ் ரத்து. மனை வாங்கிய எல்லோருக்கும் கொடுத்த பணத்தை நஷ்டஈட்டோடு அவன் திருப்பித் தர வேண்டும். நீங்கள் கண்டக்டராக இருந்த டவுன் பஸ்ஸை ஓட்டிய தங்கராசு மாமா, உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, "இதப் பாக்க ஒங்கப்பா இல்லாம போயிட்டாரேம்மா" என்றார்.

கும்பகோணத்தில் எந்தக் கடை திறந்தாலும் முதல் போணிக்கு உங்களைத்தான் கூப்பிடுவார்கள். அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சித்திரை வெயிலில், திருவிடைமருதூர்ப் பக்கம் மஞ்சள் கல் நட்ட காய்ந்த நிலத்தைக் காட்டி, "சார், ராசியான கை உங்களுது. மொத மனைய நீங்க வாங்குங்க, மத்ததெல்லாம் தானா வித்துடும்" என்றான். நீங்கள் உச்சி குளிர்ந்து போனீர்கள். சர்வே வரைபடத்தைப் பார்க்கலாம் என்றேன். "போணி பண்ற எடத்துல சந்தேகம் பேசாதே" என்று என் வாயை அடைத்தீர்கள். உங்களை நம்பி டிப்போவில் இன்னும் நான்கு பேர் வாங்கினார்கள், தங்கராசு மாமாவும் சேர்த்து.

மேட்டூர் திறந்து தண்ணீர் வந்த அன்று உங்கள் மனையில் முழங்கால் அளவு ஓடியது. பாசன வாய்க்காலைத் தூர்த்துக் கல் நட்டிருக்கிறான், பாவி. அதற்குப் பிறகு மாமா வீட்டுக்கு வந்தால் நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வீர்கள். உங்கள் சாவுக்குக் காரணம் மாரடைப்பு என்று டாக்டர் எழுதினார். நான் அவன் பெயரைத்தான் எழுதியிருப்பேன்.

போனது போகட்டும் என்றார்கள். எனக்குப் போகவில்லை, அப்பா. வழக்குப் போட்டேன். சமாதானம் பேச வந்த தரகனை வாசலோடு விரட்டினேன். அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

நேற்று நீடாமங்கலம் பக்கம் அவன் தன் மச்சான் பெயரில் புது நகர் திறந்தான். பந்தல், நாதஸ்வரம், வெற்றிலைபாக்குத் தட்டு, முதல் போணிக்கு ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். நான் நேராகப் போய்த் தீர்ப்பு நகலைத் தட்டில் வைத்தேன்.

"சார், படிச்சுட்டு கையெழுத்துப் போடுங்க. போன தடவ இவருக்கு மொத போணி பண்ணது எங்கப்பா."

வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வகுப்பில் படிப்பதுபோல் உரக்கப் படித்தார். நாதஸ்வரம் நின்றது. ஆட்களை ஏற்றிவந்த வேன்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.

இனி அவன் எந்த ஊரில், யார் பெயரில் கல் நட்டாலும் முதல் போணி என்னுடையது. துணைக்குத் தங்கராசு மாமா வருகிறார். அவரே கேட்டு வருகிறார், அப்பா. இனிமேல் இந்தப் பக்கம் திரும்பிப் படுங்கள்.

உங்கள் கைராசிக்கு வாரிசான
மூத்த மகள் செல்வி